என்கிற

பத்திரத் தமிழில் 'என்கிற' என்று ஒரு சொல் உண்டு. மாது என்கிற மாதையன். சின்னப்பாப்பா என்கிற முனியம்மாள். இலக்கணத்துக்கு அது வெறும் பெயரெச்சம். பத்திர எழுத்தருக்கோ அது கைத்தொழில். ஊரில் வழங்கும் பெயரையும் காகிதத்தில் ஏறிய பெயரையும் ஒரே ஆளின் மேல் கட்டிவிடுகிற வேலை. தர்மபுரிப் பக்கத்தில் மாது என்பது ஆண்பிள்ளையின் பெயர். (தமிழ் படித்த வெளியூர் உத்தியோகஸ்தர்கள் இதை நம்பச் சில மாதங்கள் ஆகும்.) மாதையன், மாதப்பன், மாதேஷ், மாதம்மாள் என்று ஒரு தெய்வத்தின் பெயரை ஏராளமான பேர் பங்கிட்டுக்கொண்டிருக்கிற பிரதேசம் இது. பாஸ்புத்தகத்தில் மாது, பட்டாவில் மாதையன், ஆதாரில் மாதய்யன், ரேஷன் கார்டில் மாதன். நாலும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம், நோட்டரியின் முத்திரையோடு, என் மேஜைக்கு வரும். அந்தக் காகிதத்தின் உயிர்நாடி 'என்கிற' என்ற அந்தச் சொல்தான். அது இல்லாத இடத்தில் ஒரு மனிதன் நாலு பேராகி, நாலு பேருக்கும் கடன் கிடையாது என்றாகிவிடும்.

இந்தச் சொல்லின் சரித்திரத்தை யாராவது முழுசாக எழுதவேண்டும். நான் எழுதுவது அதன் சில பக்கங்களை மட்டும். பெரும்பாலும் தகடூர் என்கிற தர்மபுரியைச் சுற்றி.

கல்வெட்டுத் தமிழில் இதே வேலையைச் செய்தது 'ஆன' என்ற சொல். நுளம்பபாடியான நிகரிலிசோழ மண்டலம். கங்கபாடியான முடிகொண்டசோழ மண்டலம். தலைக்காடான ராஜராஜபுரம். சோழன் ஒரு நாட்டைப் பிடித்தவுடன் அதற்குத் தன் விருதுப் பெயரை வைத்தான். ஆனாலும் பழைய பெயரைக் கல்லிலிருந்து விலக்கவில்லை. பெருந்தன்மை என்று இதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பழைய பெயரைச் சொல்லாவிட்டால் எந்த நிலத்துக்கு எந்த வரி என்பது அவனுடைய கணக்கர்களுக்கே விளங்கியிருக்காது. ராஜராஜபுரம் எது என்று தலைக்காட்டுக்காரனைத்தான் கேட்கவேண்டும். அவன் தலைக்காடு என்பான். அரசு வைத்த பெயருக்கு ஜனங்களின் பெயர்தான் ஜாமீன். இன்றைக்கு நிலைமை நேர்மாறாக இருப்பது எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

போளூருக்கு அருகில் திருமலை என்ற சமணக் குன்று இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்வெட்டை ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் பதிப்பித்தார். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தகடூர் அதிகமான் ஒருவன், ராஜராஜ அதிகனின் மகன், பெயர் விடுகாதழகியபெருமாள், இந்த மலைக்கு வருகிறான். முன்னொரு காலத்தில் சேர வம்சத்து எழினி வைத்திருந்த யட்சன் யட்சி உருவங்கள் சிதைந்து கிடக்கின்றன. அவற்றைச் சீர்செய்து நிறுத்துகிறான். ஒரு சேகண்டி கொடுக்கிறான். ஒரு கால்வாயும் வெட்டுவிக்கிறான். செய்தி இவ்வளவுதான். ஆனால் இது சமஸ்கிருதத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருக்கிறது. சமஸ்கிருதம் எழுதிய பண்டிதர் செய்திருக்கிற காரியத்தைப் பாருங்கள். எழினி என்றால் திரைச்சீலை. ஆகவே சமஸ்கிருதத்தில் எழினியின் பெயர் யவனிகா. விடுகாதழகியபெருமாள், தொங்கும் காதால் அழகியவன். ஆகவே அவன் வ்யாமுக்தச்ரவணோஜ்வலன். ஊர்ப்பெயரை மட்டும் ஏனோ மொழிபெயர்க்காமல் தகடா என்று சுருக்கிக்கொண்டார்.

கௌண்டரில் உட்காருகிறவனுடைய கண்ணோடு இதைப் பார்க்கிறேன். ஒரே ஆள் இரண்டு சான்றுகள் கொண்டுவருகிறான். ஒன்றில் விடுகாதழகியபெருமாள், மற்றதில் வ்யாமுக்தச்ரவணோஜ்வலன். ஒரு எழுத்துக்கூட ஒத்துப்போகவில்லை. எந்த வங்கியும் கணக்குத் திறக்காது. ஆனால் இரண்டு பெயரும் ஒரே கல்லில் இருப்பதால் பிரச்சினை எழவில்லை; ஹுல்ட்ஷும் சுலபமாக ஒன்றுசேர்த்தார். அதைவிடச் சுவாரசியம் கல்வெட்டின் வாரிசுப் பகுதி. எழினி சேர வம்சத்தவன், நான் அவன் வழியில் வந்தவன் என்கிறான் இந்தத் தகடூர்க்காரன். சங்க காலத் தகடூரை அழித்தது யார்? பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குத் தலைவனான சேரன். அவனுக்குச் சரித்திரத்தில் நிலைத்த அடைமொழியே 'தகடூர் எறிந்த' பெருஞ்சேரல் இரும்பொறை என்பது. அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் அழிந்து, புறத்திரட்டு போன்ற தொகுப்புகள் வழியே சில பாடல்களே எஞ்சின. ஆயிரம் வருஷங்கள் கழித்து, அழிக்கப்பட்ட ஊரின் தலைவன் அழித்தவனின் வம்சப் பெயரை வாரிசுச் சான்றில் எழுதிக்கொள்கிறான். பொய் சொன்னான் என்று நான் சொல்லவரவில்லை. அதியர்களுக்கும் சேரர்களுக்கும் உறவு இருந்திருக்கலாம். ஆனால் வாரிசுச் சான்று எந்தக் காலத்திலும் வாரிசின் தேவையை ஒட்டியே எழுதப்படுகிறது என்பது இந்தக் கல்லைப் படித்தால் தெரிகிறது.

இனி ஜம்பை. இதில் கொஞ்சம் நின்று போகவேண்டும்.

அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை மனிதருக்கும் விலங்குக்கும் வைத்தியம் ஏற்படுத்தியதையும், மூலிகைகள் நட்டதையும், கிணறு வெட்டியதையும் சொல்கிறது. தன் எல்லைக்கு வெளியே இந்த ஏற்பாடு நடந்த நாடுகளையும் அது வரிசையாகச் சொல்கிறது: சோடர், பாண்டியர், சதியபுதோ, கேரளபுதோ, தாம்பரபரணி எனும் இலங்கை. சோழ பாண்டிய சேரர்கள் யாரென்று யாருக்கும் சந்தேகமில்லை. நடுவில் நிற்கும் சத்தியபுத்திரன் யார் என்பதுதான் நூறு வருஷத்துக்கும் மேலாகத் தீராத வழக்காக இருந்தது. பூனாப் பக்கத்து சாத்புதே என்ற குடும்பப் பெயரைக் காட்டினார் பண்டார்க்கர். சத்தியமங்கலம் என்றார்கள். காஞ்சிபுரத்துக்குச் சத்தியவிரத க்ஷேத்திரம் என்று பெயர் உண்டு, ஆகவே காஞ்சி என்றார்கள். வாய்மொழி தவறாத கோசர் என்றார்கள். துளுநாடு என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அதியமான்தான் என்று சொன்னவர்கள் சிலர், கே. ஜி. சேஷய்யர் அவர்களில் ஒருவர். அவர்கள் பக்கத்து வாதம் ஒலியைச் சார்ந்தது. தமிழில் மொழிமுதல் சகரம் தேய்ந்து விழும்: சமணர் அமணரானது போல. மகன் என்பது மான் ஆகும்: சேரமகன் சேரமானானது போல. கேரளபுத்திரன் சேரமான் என்றால், சத்தியபுத்திரன் அதியமான். மொழியியலாளர் பரோவும் இந்தச் சகர வீழ்ச்சியைக் கொண்டு இந்த அடையாளத்தை ஆதரித்தார். சமன்பாடு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அழகு ருஜுவாகாது. அதியமான் தன்னைச் சத்தியபுத்திரன் என்று எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. அவனைப் பற்றி அத்தனை பாடல்கள் பாடிய ஔவையும் சொல்லவில்லை.

1981இல் திருக்கோவலூர் வட்டாரத்தில், பெண்ணையாற்றங்கரை ஜம்பையில், சமண முனிவர்கள் தங்கிய ஒரு குகையில் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறையினர் ஒரு வரியைக் கண்டார்கள். நாகசாமி இயக்குநராக இருந்த காலம். தமிழ் பிராமி எழுத்தில் அந்த வரி: ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி. நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம். பட்டப்பெயர், குலப்பெயர், இயற்பெயர் மூன்றும் ஒரே மூச்சில். ஒன்றுக்கொன்று நடுவே 'ஆன'வும் இல்லை 'என்கிற'வும் இல்லை. வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறான். நூறு வருஷ வழக்கு அந்த ஒரு வரியில் தீர்ந்தது. (அப்போது கோட்டையில் முதலமைச்சராக இருந்தவரின் தாயார் பெயர் சத்தியபாமா. எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் ஏற்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அன்னை சத்யா என்று பெயர் வைத்தார்கள். சத்தியபுத்திரன் தகடூருக்கு பஸ்ஸில் திரும்பி வந்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1997இல் எல்லாக் கழகங்களின் பெயர்களையும் ஒன்றாக்கியபோது அதுவும் போயிற்று.)

கல்வெட்டு வெளியானதும் அது போலி என்று சொன்னவர்களும் உண்டு. காரணம், அது கேட்டதையெல்லாம் கொடுத்தது. எனக்கு இந்த மனநிலை நன்றாகப் புரிகிறது. பெயர், தகப்பன் பெயர், ஊர், தேதி எல்லாம் ஒரு புள்ளி பிசகாமல் பொருந்துகிற காகிதத்தை எங்கள் தொழிலில் இரண்டு தடவை பார்ப்பார்கள். உண்மையான காகிதத்தில் எங்காவது ஒரு எழுத்து கோணியிருக்கும். ஐராவதம் மகாதேவன் எழுத்தமைதியை ஆராய்ந்து அதை உண்மையானதென்றே ஏற்றார். 2003இல் வந்த தம் பெரிய நூலில் கி.பி. முதல் நூற்றாண்டு என்று காலம் குறித்தார். இதைவிட முந்தியது என்பாரும் உண்டு. மகாதேவனின் கணக்கே சரி என்றால், அசோகனுக்கும் இந்த அஞ்சிக்கும் இடையில் சுமார் முந்நூறு வருஷம். ஆகவே அசோகனின் கல் குறித்தது இவனை அல்ல, இவன் முன்னோன் ஒருவனை, அல்லது அந்தக் குலத்தை.

இங்கேதான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஊரார் அவனைச் சத்தியபுத்திரன் என்று அழைத்திருக்க வழியில்லை. தமிழில் அந்தப் பெயர் அதியமான் என்று தேய்ந்து, புலவர் வாயில் நிலைத்துவிட்டது. அந்த அதியனையும் நெடுமானையும் அவன் அதே வரியில் எழுதிக்கொள்கிறான். அப்படியிருக்க, தமிழுக்கு வேண்டாத ஸகரத்தோடு, தமிழுக்கு இல்லாத ஓகார விகுதியோடு, அசோகனின் கல் எந்த எழுத்துக்கூட்டில் குறித்ததோ அதே எழுத்துக்கூட்டில் தன் பட்டத்தை முன்னால் போட்டுக்கொண்டது ஏன்? வெளியுலகக் காகிதத்தில் தன் குலம் அப்படி ஏறியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதே என் எண்ணம். அவன் அசோகனின் கல்லைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. பிராகிருதம் பேசும் சமண முனிவர்கள், அந்தக் குகையில் தங்கப்போகிறவர்கள், அந்த வடிவத்தை அறிந்திருப்பார்கள். ஆதாரில் தன் பெயரை எவனோ தப்பாகத் தட்டிவிட்டான் என்று தெரிந்தும், அதன் பிறகு எல்லாப் படிவங்களிலும் அந்தத் தப்பையே எழுதக் கற்றுக்கொண்ட விவசாயியை நான் பார்க்கிறேன். ஆனால் அஞ்சி தன் பெயரையும் விடவில்லை. பேரேட்டில் இருப்பது முதலில், வாயில் இருப்பது அடுத்தது, இரண்டும் ஒரே பாறையில்.

தகடூர் எப்போது தர்மபுரியானது என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. தர்மபுரியில் கிடைத்த கல்வெட்டுகளே இவ்வூரைத் தகடூர் என்கின்றன. அதற்குமேல் நமக்கு வேண்டாம். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. கேப்டன் ரீடின் கீழ் மத்தியப் பிரிவை நிர்வகித்த தாமஸ் மன்றோ தர்மபுரியில் தங்கி, 1799 வரை இந்தச் சீமையில் வேலை பார்த்தார். பின்னால் சென்னை ராஜதானியையே ஆண்ட ரயத்துவாரி முறையின் பால பாடங்கள் இங்கேதான் நடந்தன. கிராமத்தை மொத்தமாகவோ ஜமீன்தாரையோ பிடிக்காமல் ஒவ்வொரு குடியானவனோடும் சர்க்கார் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்வது. அதற்கு முதல் தேவை குடியானவனின் பெயர். பட்டா என்றால் பெயர். நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் தனிமனிதன் எப்போது தோன்றினான் என்று நாவல்களில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சாதாரணத் தமிழன் தனி ஆளாகக் காகிதத்தில் வந்தது, முதல் தமிழ் நாவலுக்கு எண்பது வருஷங்களுக்கு முன்பே, பாராமகாலின் தீர்வைக் கணக்கில்.

ஆனால் அந்தப் பெயர் யார் வாயிலிருந்து எழுதப்பட்டது? கர்ணத்தின் வாயிலிருந்து. எந்த மாது எந்த மாதையன் என்பது கர்ணத்துக்குத் தெரியும். அவர் மகனுக்கும் தெரியும். 'என்கிற' என்ற சொல் அப்போது கர்ணத்தின் ஞாபகமாக உலவிக்கொண்டிருந்தது. அந்த ஞாபகத்தை வைத்து அவர்கள் செய்த அட்டூழியங்களைப் பற்றிக் கிராமத்துக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 1980 நவம்பரில் ஒரு அவசரச் சட்டத்தில் பரம்பரைக் கர்ணம், முன்சீப் வேலைகள் ஒழிந்தன. நல்ல காரியம். அதே சமயம், 1979இல் தொடங்கி எண்பதுகள் நெடுகிலும் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஜனங்கள் சொல்லும் யு.டி.ஆர்.இல், பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. ஞாபகம் போன சமயத்தில் பேரேடு புதிதாயிற்று. தகப்பன் பெயர் மகன் இடத்திலும், அண்ணன் பெயர் தம்பி இடத்திலும் ஏறின. 'யு.டி.ஆர். தவறு' என்ற தலைப்பில் மனுக்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அந்தத் தவறே பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டு, அச்சாகி, கியூஆர் கோடுடன் வெளிவருகிறது.

பெண்களின் கதை தனி. 1989இல், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டில் முதன்முதலாக மகளிர் சுய உதவிக் குழுக்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் ஆரம்பிக்கப்பட்டன. அதற்கு முன் வங்கிக்குள் கால் வைத்திராத பெண்கள் கூட்டமாக வந்து கணக்குத் திறந்தார்கள். பெயர் என்ன என்று கேட்டால் சொல்லிவிடலாம். இனிஷியல் என்ன என்றால் தகராறு. பள்ளிக்கூடத்தில் தகப்பன் எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் எழுத்து. ஒரு எழுத்து மாறியதை நிரூபிக்கக் கல்யாணச் சான்று வேண்டும். மாரியம்மன் கோவிலில் முப்பது வருஷத்துக்கு முன் நடந்த கல்யாணத்துக்கு ஏது சான்று? ஒரே பெண் கோ. மாதம்மாளாகவும் மு. மாதம்மாளாகவும் இரண்டு ஜீவிதம் நடத்துகிறாள்.

இதற்கெல்லாம் சர்க்கார் வைத்திருக்கும் பரிகாரம் அரசிதழ். 1832இல் தொடங்கிய ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட், தமிழ்நாடு அரசிதழ் என்று தன் பெயரையே மாற்றிக்கொண்ட ஒரு பத்திரிகை. அதன் ஆறாம் பாகம் நான்காம் பிரிவில் பெயர் மாற்ற விளம்பரங்கள் வரும். வாக்கிய அமைப்பு என்றும் மாறாது. இன்னாரின் மகனாகிய நான், இன்ன தேதியில் பிறந்தவன், சொந்த மாவட்டம் இன்னது, இன்ன விலாசத்தில் வசிப்பவன், இனி இன்னார் என்று அறியப்படுவேன். பக்கம் பக்கமாக இப்படி. நான் அவ்வப்போது இதைப் படிக்கிறேன்; நம் சிறுகதைகள் பலவற்றைவிடச் செட்டானவை. மதம் மாறியவர் இருப்பார். ஜாதி வாலை அறுத்தவர் இருப்பார் (1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானம் பட்டா வரை வந்துசேர எத்தனை தலைமுறைகள் ஆயின என்று இதை வைத்துக் கணக்கிடலாம்). தத்துப் போனவர் இருப்பார். ஆனால் பெருவாரியானவர்கள் மாற்றுவது ஆங்கில எழுத்தை மட்டும். பழனி என்ற பெயரில் ழகரத்துக்கு எல் போட்டிருந்தவர் இசட்-எச் போடுகிறார். எண்கணிதக்காரர் சொன்னபடி ஒரு ஏ சேர்த்துக்கொள்கிறார். தமிழில் அவர் பெயர் நேற்றும் பழனி, இன்றும் பழனி. தமிழில் நடக்காத மாற்றத்துக்கு ஒரு தமிழன் ருஜு தேடி அலைகிறான். எண்கணிதத்தைக் கேலி செய்யும் முன் நம் வட்டாரத்தில் ஒருவரை நினைத்துக்கொள்ளவேண்டும்: தருமு சிவராம் என்கிற பிரமிள் தம் பெயரை அந்தக் கணக்கில் எத்தனையோ தடவை மாற்றி எழுதினார். கவிதையின் கீழே எப்படியும் போட்டுக்கொள்ளலாம், செக்கில்தான் முடியாது. புனைபெயருக்கு எழுதப்பட்ட செக்கைக் கொண்டுவரும் எழுத்தாளரிடம், இலக்கியத்தில் எனக்கு உங்களைத் தெரியும், வங்கியில் தெரியாது என்று சொல்லும் உத்தியோகம் எனக்கு.

அந்த விளம்பரப் பக்கத்தின் தலையில் ஒரு அறிவிப்பு இருக்கும். இந்தப் பெயர் மாற்ற அறிவிப்புகளுக்குச் சட்டப்படியான பொறுப்பு எதுவும் ஏற்கப்படமாட்டாது; விளைவுகளுக்கும் பொய்த் தகவலுக்கும் அறிவிப்புக் கொடுத்தவரே பொறுப்பு. அதாவது சர்க்கார் அச்சடிக்கும், சாட்சி சொல்லாது. ஆனால் எல்லா அலுவலகங்களும், நாங்களும்தான், அந்தப் பக்கத்தையே சாட்சியாகக் கேட்கிறோம். ஆள்மாறாட்டம் உண்மையிலேயே நடக்கிறது, செத்தவர் பெயரில் பென்ஷன் வாங்கியவர்கள் உண்டு, ஆகவே ஏதோ ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் காகிதம் எதை நிரூபிக்கிறது என்று கேட்டால், இன்ன தொகை கட்டி விளம்பரம் கொடுக்கத் தெரிந்தவர் இவர் என்பதை நிரூபிக்கிறது.

ராஜ்யத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பெயர் மாற்றம் கேட்டு எழுபத்தாறு நாள் உண்ணாவிரதமிருந்து சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் செத்துப்போனார். சட்டசபை 1967 ஜூலை 18இல் தீர்மானம் போட்டது. 1968இல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. நிலுவையிலிருந்த வழக்குகளில் மெட்ராஸ் என்று இருக்குமிடத்தில் தமிழ்நாடு என்று வைத்துப் படித்துக்கொள்ளவேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். ராஜதானி 1996இல் சென்னையாயிற்று. உயர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் மெட்ராஸாகவே நீடிக்கிறது. 2020 ஜூனில் ஆயிரத்துப் பதினெட்டு ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை ஒரே ஆணையில் மாற்றி, சில நாட்களில் அதை வாபஸ் வாங்கினார்கள். இதற்கு எந்த நோட்டரியும் முத்திரை குத்தவில்லை.

தனி ஆளின் பெயரைவிடக் கஷ்டமானது ஜனக்கூட்டத்தின் பெயர். இங்கே 'என்கிற' ஒரு சொல்லுக்காக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். நமக்கு அடுத்த மைசூர் ராஜ்யத்தில் ஒட்டர்கள் 1944இல் மாநாடு கூடித் தங்களை இனி போவி என்று அழைக்கவேண்டுமென்று தீர்மானித்தார்கள். 1946இல் மைசூர் அரசாங்கம் ஒப்புக்கொண்டு ஆணை போட்டது. 1950இல் அட்டவணை ஜாதிகளின் பட்டியல் வந்தபோது அதில் போவி இருந்தது, ஒட்டர் இல்லை. ஒரு தேர்தலில் தோற்றவர், ஜெயித்தவர் ஒட்டரே ஒழிய போவியல்ல என்று வழக்குப் போட்டார். பசவலிங்கப்பா–முனிசின்னப்பா வழக்கு. மைசூரில் போவி என்று தனியாக ஒரு ஜாதியே இல்லாதபோது பட்டியல் யாரைக் குறித்தது என்று விசாரிக்கத்தான் வேண்டும் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெயர் மாற்றச் சரித்திரத்தைச் சாட்சியமாக ஏற்றது. ஒட்டர் என்கிற போவி செல்லுபடியாயிற்று. 2000 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் மகாராஷ்டிரத்து மிலிந்த் வழக்கில் கதவை ஏறக்குறையச் சாத்தினார்கள். பட்டியலில் ஹல்பா என்றிருந்தால் ஹல்பாதான். ஹல்பா–கோஷ்டியும் அதுதான் என்று சாட்சியம் காட்ட இடமில்லை. பட்டியலை உள்ளபடி படிக்கவேண்டும். அதற்குள் டாக்டராகிவிட்டிருந்த அந்த மாணவரின் படிப்பை மட்டும் தொடாமல் விட்டார்கள்.

பட்டியலை உள்ளபடி படிக்கலாம். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் 'குருமன்ஸ்' என்று ஒரு பெயர் இருக்கிறது. குருமன் என்ற சொல்லுக்கு எந்த குமாஸ்தாவோ ஆங்கிலப் பன்மை விகுதி ஒட்டினான். அந்த எஸ் இன்று அரசியல் சாசனத்தின் பகுதி. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்டுக்கிடைகளில் பிறந்த ஒரு பையன் தமிழில் எழுதும்போதும் என் இனம் குருமன்ஸ் என்று ஸகர ஒற்றோடு எழுதுகிறான். எழுதாவிட்டால் அவன் வேறு ஜாதி. (சதியபுதோவின் ஓகாரம் நினைவுக்கு வருகிறது.) அதே பட்டியலில் குரும்பாஸ் என்பது நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும். இந்தப் பக்கத்தில் குரும்பர், குரும்பக் கவுண்டர் என்று ஊரார் அழைக்கும் குடும்பங்கள், நாங்களும் குருமன்ஸ்தான் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சில சமயம் சான்று கிடைக்கிறது, சில சமயம் மறுக்கிறார்கள், கோர்ட்டுக்குப் போகிறார்கள். 1989 நவம்பர் 11 முதல் பழங்குடிச் சான்று கொடுக்கும் அதிகாரம் தாசில்தாரிடமிருந்து கோட்டாட்சியருக்கு மாறியது. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்குக்குப் பிறகு சரிபார்க்கும் குழுக்கள் வந்தன. குலதெய்வம் எது, சடங்கு எப்படி, பெரியப்பனைக் கூப்பிடும் வார்த்தை என்ன என்று விசாரிக்கிறார்கள். அண்ணனுக்குச் சான்று இருந்து தம்பிக்கு மறுத்த வழக்குகளும் வந்திருக்கின்றன.

பட்டியலில் இன்னொரு பதிவு மலையாளி. சேர்வராயன், சித்தேரி, ஜவ்வாது மலைக்காரர்கள்; கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இவர்களுக்கு மாவட்டம் குறித்து எல்லை போட்டிருக்கிறார்கள்: தர்மபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி இன்னும் இருக்கிறது. அதிலிருந்து 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி பிரிந்துபோயிற்று. வடஆர்க்காடு, தென்னார்க்காடு என்ற பெயர்களில் இன்று மாவட்டமே கிடையாது. ஜவ்வாது மலைக்காரன் இன்று திருவண்ணாமலையிலோ வேலூரிலோ திருப்பத்தூரிலோ இருக்கிறான். அந்தப் பெயர்கள் பட்டியலில் இல்லை. ஆனாலும் அவனுக்குச் சான்று கொடுக்கிறார்கள். வடஆர்க்காடு என்கிற திருவண்ணாமலை, தர்மபுரி என்கிற கிருஷ்ணகிரி என்று எல்லா அதிகாரிகளும், யாரும் பிரமாணப் பத்திரம் கேட்காமல், மனசுக்குள்ளேயே வாசித்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு மனுவைத் திருப்பி, மனுதாரரின் பெயருக்கு வருகிறார்கள்.